புது வீட்டு வைஃபை: முதல் வாரத்திலேயே ரவுட்டரைக் கவனியுங்கள்

வெளிநாட்டில் வந்து இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலைச்சல் ஓயாது. வைஃபை கிடைத்தால் போதும், வீட்டாருடன் பேசிவிடலாம் என்ற அவசரத்தில் ரவுட்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் விசா ஆவணங்கள், வாடகை ஒப்பந்தம், சம்பளக் கணக்கு, பணம் அனுப்புவது எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், அதில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ரவுட்டர் என்றால் அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதன் பாஸ்வேர்ட் எத்தனை பேரிடம் இருக்கிறது, உள்ளே எதையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிவிடுங்கள். பெட்டியின் பின்பக்கமோ அடியிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அதில் விட்டு 10 முதல் 15 விநாடி அழுத்திப் பிடித்தால், விளக்குகள் அணைந்து மறுபடி எரியும். அதற்கு முன் ஒரு விஷயம்: சில இணைப்புகளுக்கு இணைய நிறுவனம் தந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும். ரீசெட்டில் அவையும் அழிந்துவிடும். நிறுவனத்தைக் கேட்டு அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ரவுட்டர் வீட்டுக்காரருடையது என்றால் அவரிடம் சொல்லாமல் கை வைக்க வேண்டாம்.

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. வைஃபையில் சேர ஒன்று, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய இன்னொன்று. முதலாவதை எல்லோரும் மாற்றுகிறார்கள். இரண்டாவதுதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளில் சுமார் 60-ஐ வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது.

போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து, ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். புது ரவுட்டர்கள் சிலவற்றுக்குத் தனி ஆப் உண்டு. உள்ளே போனதும் செட்டிங்ஸுக்கான அந்த இரண்டாவது பாஸ்வேர்டை (அட்மின் பாஸ்வேர்ட்) மாற்றிவிட்டு, அடுத்து வைஃபை பாஸ்வேர்டுக்கு வாருங்கள். அதற்கு 8 முதல் 63 எழுத்து வரை இடம் உண்டு, தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை, ஒட்டகம், வியாழன், சீப்பு, மேளம் என்பதுபோல, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. (இதே நான்கையும் வைத்துவிடாதீர்கள்!) வைஃபையின் பெயரில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை (Security) என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த வகை போதும். மிகப் பழைய வகையான டபிள்யூஇபி (WEP) மட்டுமே இருக்கிறது என்றால் அந்த ரவுட்டரையே மாற்றுங்கள். அதன் பூட்டு 2001-லேயே உடைபட்டுவிட்டது.

வைஃபை பாஸ்வேர்ட் அடிக்காமலே, ஒரு பட்டனாலோ பின் (PIN) எண்ணாலோ கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் (WPS) என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணைக் கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கான முயற்சி தேவைப்படும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமும் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவதுதான். ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சியில் மாட்டிவிடும் என்று 2011-இல் வெளிப்பட்டது. வைஃபை பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த வழியில் அது வெளியே வந்துவிடும்.

வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள். ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் தானாக அப்டேட் ஆகும்படி வையுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதிலும், இன்னின்ன கருவிதான் சேரலாம் என்று பட்டியல் போடுவதிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் இரண்டையும் எளிதாகத் தாண்டிவிடுவார்.

வந்த புதிதில் நண்பர்களும் உறவினர்களும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்ட் கேட்டால் இல்லை என்று சொல்லவும் மனம் வராது. அவர்களுக்காகவே, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கொண்ட கெஸ்ட் வைஃபை இருக்கிறது. விருந்தாளிகள் போக, கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றையும் அதிலேயே போடுங்கள். உங்கள் லேப்டாப் தனியாக இருக்கட்டும். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவதானால் மட்டும் இரண்டும் ஒரே இணைப்பில் இருக்க வேண்டியிருக்கும்.

பகிர்ந்த வீட்டில் அறை எடுத்திருப்பவர்களுக்கு ரவுட்டர் மேல் உரிமை இருக்காது. ரவுட்டரை வைத்திருப்பவரால் நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்க்க முடியும்; முகவரி https என்று தொடங்கும் பக்கங்களில் நீங்கள் அடிப்பதைப் படிக்க முடியாது. பிரவுசர் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரித்தால், அவசரம் என்று தாண்டிப் போகாதீர்கள். மனதுக்குச் சரியாகப் படாதபோது வங்கி வேலையை மொபைல் டேட்டாவில் முடித்துக்கொள்ளுங்கள்.

“இணைய நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் ரவுட்டரை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், இந்த ஆப்பைப் போடுங்கள்” என்று போன் வரும். பேசுபவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள்.

யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க, செட்டிங்ஸில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறக்கலாம். புரியாத எண்ணோடு ஏதாவது இருந்தால் உடனே பதற வேண்டாம். இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டும். வீட்டில் உள்ளவற்றின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பட்டியலைப் பார்க்கும் கருவி தவிர எல்லாம் அணைந்த பிறகும் வேறொன்று மிச்சம் இருந்தால், வைஃபை பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.