கம்பஞ்சோற்றை எழுதுவது எப்படி

ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஆசை மட்டும் இருந்தால் ரெண்டு கட்டுரையோடு நின்றுவிடும். கூடவே ஒரு எரிச்சலும் வேண்டும். என் எரிச்சல், எந்தச் சமையல் குறிப்பும் ‘கம்பு மாவு ஒரு கப்’ என்றே ஆரம்பிப்பதுதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரில், எங்கள் அம்மாச்சி வீட்டில், அந்த ஒரு கப்புக்கு முன்னால் அரை நாள் வேலை நடந்திருக்கும். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பு பிஸ்கட்கூட வந்துவிட்டது. அந்த அரை நாளைத்தான் யாரும் எழுதக் காணோம்.

ஆகவே அடுப்பை விட்டுவிட்டுத் தானியத்திலிருந்து தொடங்குங்கள். கம்பைச் சுளகில் புடைத்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொஞ்சநேரம் வைப்பார்கள். உரலில் போட்டுக் குத்தினால் தோல் கழலும். புடைத்துவிட்டு மறுபடி இடித்துச் சலித்தால் சல்லடையில் குருணை, கீழே மாவு. உலையில் முதலில் குருணை; அது வெந்தபிறகுதான் மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இடித்த மாவைப் பத்திரப்படுத்த மாட்டார்கள். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், மாவு சீக்கிரம் கசந்துவிடும். இந்த ஒரு விவரம் போதும், பாக்கெட் மாவு ஏன் சில சமயம் கசக்கிறது என்று வாசிப்பவருக்குப் புரிந்துவிடும்.

பெரியவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். “தண்ணி எவ்வளவு அம்மாச்சி?” என்று கேட்டால், “அது கேக்குற அளவு ஊத்து, என்னைய ஏன் கேக்குற?” என்றுதான் பதில் வரும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்களுடைய உழக்கிலேயே அளக்கச் சொல்லி, அதைத் தராசில் வைத்துக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். ரெண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, ரெண்டு உழக்கு ஓர் உரி, ரெண்டு உரி ஒரு படி என்று வாய்ப்பாடு சொல்வார்கள். படியே ஊருக்கு ஊர் வேறு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

அந்தச் சோறு ஏன் நின்றுபோனது என்பதையும் கேளுங்கள். ‘நாகரிகம் வந்து கெடுத்துவிட்டது’ என்று எழுதுவது சுலபம். அம்மாச்சியைக் கேட்டால் தோள்வலி என்பார். ரேஷனில் அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் சாத்தியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காட்டிலும் பயிர் மாறிவிட்டது: புரட்டாசி மழைக்குக் கம்பு விதைத்த புஞ்சைகளில் இன்று கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளம். மானாவாரியில் மூன்று மாதத்துக்குள் கதிர் தரும் பயிரை ஏன் விட்டார்கள், என்ன விலை கிடைத்தால் மறுபடி விதைப்பார்கள் என்று விதைக்கிறவரிடமே கேட்டு எழுதுங்கள். நீடித்த உணவு என்கிற பேச்சுக்கு அந்தப் பதில்தான் அடிப்படை. கம்பு தின்றால் சர்க்கரை வியாதி ஓடிவிடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

எழுதி முடித்ததும் சொன்னவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடலாமா என்று அப்போதே கேட்டுவிடலாம். “இதப் போயி எழுதியிருக்கியே” என்று எந்த வரிக்குச் சிரிக்கிறார்களோ, அதை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.