மாரிக்குள் தங்கச்சியின் வீட்டுச் சாமான் ஏற்றுவதென்றால்

ஜனவரியில் ஆசிரியர் இடமாற்றம் வரும், மழையும் விட்டிருக்காது. இலங்கையின் வடக்கே எங்கள் பக்கம் அக்கா, தங்கச்சிமாரின் சாமான்கள் லொறியேறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வவுனியாவிலிருந்து புதுக்குடியிருப்புக்கு மாறும் ஒரு தங்கச்சியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பாதை. ஏ9 வீதி வழியே மாங்குளம், அங்கே ஏ34 வீதியில் திரும்பி ஒட்டுசுட்டான், பிறகு புதுக்குடியிருப்பு. நான் சொல்வது இதைத்தான். புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணியால் போனால் தூரம் குறையும், ஆனால் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும் பக்கம் அது, பாரம் ஏற்றிய வாகனத்தோடு அங்கே இருட்டில் மாட்டக்கூடாது. பரந்தன் வரை போய் விசுவமடுவால் வருவது சுற்று. அதோடு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் கனகராயன் ஆறு பெருகி கண்டாவளைப் பக்கம் வெள்ளம் வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு தெரியும்தானே. புறப்படும் காலையில் அந்த ஊரில் இருக்கும் யாருக்காவது போன் எடுத்துக் கேளுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள். பரந்தன் பாதையால்தான் போகவேண்டி வந்தால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க றைவர் எப்படியும் நிறுத்துவார். அந்த நேரத்தில் இறங்கித் தறப்பாள் கயிறுகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கச்சானையும் வாங்குங்கள்.

தறப்பாளை மேலே மட்டும் போட்டால் போதாது. லொறித் தட்டில் பலகையோ பழைய உரப்பைகளோ விரித்த பிறகே சாமான் வைக்கவேண்டும், தண்ணீர் கீழாலும் வரும். இரண்டு தறப்பாள் என்றால் பின்னுக்கு உள்ளதை முதலில் விரித்து, முன்னுக்கு உள்ளதை அதன்மேல் வரும்படி போடுங்கள். மாறிப் போட்டால் ஓடும்போது காற்றும் மழையும் நேரே உள்ளே போகும். பிரிட்ஜை நிமிர்த்தியே கட்டுங்கள். படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால், இறக்கி நிமிர்த்தி வைத்துச் சில மணித்தியாலம் விட்ட பிறகுதான் கறண்ட் கொடுக்கவேண்டும், கம்பிரசர் எண்ணெய் திரும்ப இறங்கட்டும். காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரையும் நிமிர்த்தியே வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் கடைசியாக ஏற்றும் பெட்டி. பாய், ரோச் லைட், நுளம்பு வலை, கேத்தல், தேயிலை, சீனி, அரிசி, ஒரு சட்டி, தங்கச்சி அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் சேலை. மற்றதெல்லாம் நனைந்தாலும் காயப்போடலாம், அவள் முதல் இரவு காய்ந்த பாயில் படுக்கவேண்டும். நியமனக் கடிதம், சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி இவற்றை இரட்டைப் பொலித்தீனில் சுற்றி உங்கள் கையிலேயே வைத்திருங்கள், லொறியில் விடவேண்டாம்.

பெரிய றோட்டில் பிரச்சினை குறைவு, சில்லுப் புதைவது வீட்டுக்குத் திரும்பும் அந்தக் கடைசிக் கிறவல் ஒழுங்கையில்தான். இயலுமென்றால் முதல் நாளே மோட்டார் சைக்கிளில் போய்ப் பாருங்கள், லொறி இறங்காது என்று தெரிந்தால் அயலில் லான்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வைத்திருப்பவரிடம் பேசி வையுங்கள், றோட்டுக்கரையில் இறக்கி அதில் மாற்றலாம். அப்படியே பூட்டிக்கிடந்த வீட்டையும் திறந்து, மூலை, கூரை, குளியலறை எல்லாம் பாம்பு கிடக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கிணற்றுக்குள் வெள்ளம் போயிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவியுங்கள், அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொண்டுபோங்கள்.

சாமான் இறக்கிய கிழமைக்குள்ளேயே தங்கச்சியைப் புதிய கிராம அலுவலரிடம் கூட்டிப் போய்ப் பதிந்துவிடுங்கள். வெள்ள நிவாரணப் பட்டியல் எடுக்கும்போது அவர் கையில் இருக்கும் பதிவைத்தான் பார்ப்பார்கள்.