பழைய காரின் பேட்டரி முனையில் பொடி பூத்திருக்கிறதா?

பாளையங்கோட்டை வெயிலில் நிற்கும் பழைய மாருதி 800 காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால், முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம்.

முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், அப்புறம்தான் பிளஸ். இந்த வரிசை ரொம்ப முக்கியம். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பானர் வண்டியின் பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்துக்கொண்டு வரும். கையுறை அவசியம், அந்தப் பொடியில் அமிலம் இருக்கும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது.

துடைத்துக் காயவிட்டு, பிளஸ்ஸை முதலில் மாட்டி, மைனஸையும் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். உள்ளே தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நம்ம தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் பேட்டரிக்கு ஆகாது.