கமிஷன் கடைச் சீட்டை வைத்து நிரல் எழுதப் பழகுவது எப்படி

எல்லோரும் கம்ப்யூட்டர் நிரல் (புரோகிராம்) எழுதக் கற்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லோரும் சாப்ட்வேர் வேலைக்குப் போவதற்காக அல்ல. நம் தென்காசிப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி, இல்லையென்றால் சென்னை, பெங்களூர் என்று நினைப்பு ஓடிவிடுகிறது. 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் என்ற நிரல் மொழியை உருவாக்கியபோது, அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தாங்களே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிவிடுகிறவருக்கும், மகளிர் குழு நோட்டை வைத்திருக்கும் அக்காவுக்கும் அந்த அளவு தெரிந்தால் போதும், அடுத்தவர் போட்டுக் கொடுக்கும் கணக்கைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எந்த மொழி படிக்கலாம், எந்த சென்டரில் சேரலாம் என்று ஆரம்பிக்க வேண்டாம். வாரா வாரம் கையால் போடுகிற கணக்கு ஒன்றை எடுங்கள். நான் இங்கே கமிஷன் கடைச் சீட்டை, அதாவது நம் காயை விற்றுக் கொடுத்துக் கமிஷன் பிடித்துக்கொள்ளும் கடை தருகிற சீட்டை, எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை தாளில்தான். கணக்கு எப்படி நடக்கிறது என்று வரிசையாகத் தமிழில் எழுதுங்கள்: எடை, கிலோ விலை, கமிஷன், கூலி, கைக்கு வருவது. எழுதும்போதே கேள்விகள் முளைக்கும். கமிஷன் மொத்தத் தொகைக்கா, கூலியைக் கழித்த பிறகா? கூலி மூட்டைக்கு இவ்வளவா, கிலோவுக்கா? சாக்கு எடையைக் கழித்துத்தான் எழுதுகிறார்களா? மனிதர்களுக்குள் "வழக்கம்போலதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், கம்ப்யூட்டரிடம் அது செல்லாது, ஒவ்வொன்றையும் உடைத்துச் சொன்னால்தான் அது கணக்குப் போடும். அதனால் பதில் தெரியாத கேள்வியைக் கடை அண்ணாச்சியிடமே கேட்டுவிடுங்கள். நிரல் எழுதுவதில் பெரும்பாதி இந்தக் கேள்விகள்தான், எல்லோரும் கற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதற்காகத்தான்.

அப்புறம் இணையத்திலேயே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் (Google Colab) பக்கத்தைத் திறந்து, கூகுள் கணக்கில் நுழைந்து, புது நோட்புக் ஒன்றை எடுங்கள். காசு கிடையாது, எதையும் நிறுவ வேண்டாம். போன் குரோமிலும் திறக்கும், எழுத்து கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். அதில் ஓடுவது பைதான் என்ற நிரல் மொழி. இந்த மொழியில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கீழே உள்ளதை அப்படியே அடியுங்கள் (* என்பது பெருக்கல், / என்பது வகுத்தல்):

எடை = 40
விலை = 25
கூலி = 20
கமிஷன் = எடை * விலை * 10 / 100
கைக்கு = எடை * விலை - கமிஷன் - கூலி
கைக்கு

பக்கத்தில் இருக்கும் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் 880.0 என்று வரும். 40 கிலோ, கிலோ 25 ரூபாய், ஆக 1000 ரூபாய், அதில் 10 சதவீதக் கமிஷன் 100, கூலி 20 போக மிச்சம் 880. கமிஷனும் கூலியும் நான் சும்மா போட்ட எண்கள், உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள். விடை தெரிந்த பழைய சீட்டு ஒன்றை முதலில் கொடுத்துப் பார்ப்பது முக்கியம், அது சரியாக வந்தால்தான் புதுச் சீட்டுக்குப் போக வேண்டும்.

சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் பயப்படாதீர்கள், கடைசி வரியை மட்டும் பாருங்கள். மேலே கமிஷன் என்று எழுதிவிட்டுக் கீழே கமிசன் என்று எழுதினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும், ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு பெயர். இதைவிட மோசமானது, எழுதிய வரியில் பிழை காட்டாத தப்பு. விலையை 1,200 என்று கமா போட்டு எழுதினால் பைதான் அதை 1, 200 என்று இரண்டு தனி எண்களாக எடுத்துக்கொள்ளும், கேட்காமலேயே அடுத்த வரிக்குப் போய்விடும், பிழை கமிஷன் வரியில் வந்துதான் தெரியும். எண்ணுக்குள் கமா கூடவே கூடாது.

இது பழகியதும் ஒரு மாதச் சீட்டு முழுவதையும் ஒரே ஓட்டில் கூட்ட வேண்டும் என்று தோன்றும். அதற்குப் பல எண்களை வரிசையாக வைக்கும் பட்டியலும், ஒரே வேலையை ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய்யும் ஃபார் (for) என்ற கட்டளையும் வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில் பைதான் இருக்கிறது, தமிழ் வழியிலும் உண்டு, இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பிளஸ் டூவில் அந்தப் பாடம் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது, கூட உட்காரவையுங்கள். ஏஐ எழுதித் தராதா என்றால், தரும். ஆனால் கமிஷனை எதிலிருந்து கழித்தது என்று வாசித்துப் பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், விடை தப்பாகப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஃபார் வந்த பிறகு எழுத வேண்டிய அடுத்த கணக்கு கடன் வட்டி. 10,000 ரூபாய், மாதம் 1 சதவீதம், மாதம் 1,000 அசல் வீதம் 10 தவணை என்று வையுங்கள். ஒவ்வொரு மாதமும் முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் மொத்த வட்டி 1,000 ரூபாய். கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் போட்டால் 550. இரண்டையும் எழுதி ஓட்டிப் பாருங்கள், பிறகு உங்கள் கடன் நோட்டை எடுத்து எந்த முறையில் வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.