குரங்குகள் திரியும் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறீர்களா?

மழைக்காட்டுப் பாதையில் குரங்கு பார்க்கப் போவதென்றால் முதல் வேலையாகப் பையில் இருக்கும் தின்பண்டத்தை எடுத்து வெளியே வையுங்கள். காலணி, தொப்பி, கேமரா எல்லாம் அப்புறம். குரங்கு மனிதரிடம் வம்புக்கு வரும் இடங்களில் பெரும்பாலும் பின்னணியில் தீனிதான் இருக்கும். அது உங்கள் கையில் இருப்பதாகவும் இருக்கலாம், உங்களுக்கு முன்னால் வந்தவர் பாவம் பார்த்துப் போட்டுவிட்டுப் போனதாகவும் இருக்கலாம்.

தண்ணீர் இல்லாமல் போக முடியாது, அதனால் பாட்டிலைப் பைக்குள்ளேயே வையுங்கள், பக்கவாட்டு வலையில் வேண்டாம். நிறம் கலந்த பானம் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கவரைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் அந்தச் சரசரப்புக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பை மனிதரோடு பழகிய குரங்குகள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. ஜிப்பை முழுக்க மூடுங்கள். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், போனை எடுத்தால் இறுக்கிப் பிடியுங்கள். இதெல்லாம் அதீத எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் பாலித் தீவின் உளுவத்து கோயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள நீளவால் குரங்குகள் பயணிகளின் கண்ணாடி, செருப்பு, போன் என்று பறித்து வைத்துக்கொண்டு, தீனி கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. எந்தப் பொருளுக்கு மனிதர்கள் அதிகம் பதறுவார்கள் என்பதைப் பெரிய குரங்குகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்ததும் வரும் இரண்டு மூன்று மணி நேரம்தான் என் தேர்வு. குரங்குகள் அப்போது மும்முரமாக இரை தேடும், வெயில் ஏறாது, கூட்டமும் குறைவு. உச்சி வெயிலில் அவை ஏதாவது கிளையில் சாய்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும், சாயங்காலம் மறுபடி நகரத் தொடங்கும். சாயங்காலம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது, சூரியன் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடும், மரங்களுக்குக் கீழே இன்னும் சீக்கிரம். டார்ச் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

நீளக் கால்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஈரக்காட்டில் அட்டை ஏறும், பயப்பட ஒன்றுமில்லை. கடித்துக்கொண்டிருக்கும் அட்டையை உப்பு போட்டோ நெருப்பு வைத்தோ விரட்டாமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைக் கொடுத்து மெதுவாக வழித்துவிட்டால் போதும். உண்ணி அப்படியல்ல, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குரங்கைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது சுலபம். காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடுகிறதா, பாதிகடித்த பழம் சொத்சொத்தென்று விழுகிறதா என்று நின்று கேளுங்கள். அத்தி மரம் காய்த்திருந்தால் அங்கேயே கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். காட்டில் வேறு பழம் இல்லாத மாதங்களிலும் ஏதாவது ஓர் அத்தி பழுத்திருக்கும் என்பதால் குரங்கு, பறவை எல்லாம் அங்கே வந்து சேரும். ஆனால் நேர் கீழே நிற்காதீர்கள். காய்ந்த கிளையும் விழும், மேலிருந்து மற்றதும் விழும்.

எல்லாக் குரங்கும் ஒன்று போல நடந்துகொள்ளாது. நாட்டுக் குரங்கு, நீளவால் குரங்கு போன்ற மக்காக் வகைகள் தரைக்கு இறங்கும், பாதையில் உட்காரும், துணிச்சல் அதிகம். இலை தின்னும் லங்கூர் வகைகளில் பல கூச்ச சுபாவம் உள்ளவை, நீங்கள் இரண்டு அடி கூடுதலாக எடுத்து வைத்தாலே உச்சிக்குப் போய்விடும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் ஊளைக் குரங்குகளைப் பார்ப்பதற்கு முன்பே சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து அவற்றின் குரல் கேட்டுவிடும். போகும் காட்டில் எந்த வகை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்பதிலேயே பாதி நேரம் மிச்சம்.

சரி, கூட்டம் எதிரே வந்துவிட்டது. நில்லுங்கள். பேச்சைக் குறையுங்கள், பாதையின் ஒரு ஓரமாக ஒதுங்கி அவை கடந்து போக வழிவிடுங்கள். கூட்டத்தின் நடுவே புகுந்து நடப்பது, அதிலும் மந்திக்கும் அதன் குட்டிக்கும் இடையில் போய் நிற்பது, எவ்வளவு சாதுவான கூட்டத்தையும் கோபப்படுத்திவிடும். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், அது சவால் விடுவதற்குச் சமம்; கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினாலும் அதே விளைவுதான் ஏற்படலாம், ஆகவே ஃபிளாஷை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று எடுங்கள். பைனாகுலர் இருந்தால் கிட்டப் போகும் ஆசையே வராது.

பல்லைக் காட்டும் குரங்கு சிரிக்கவில்லை. மக்காக் குரங்கு சத்தமில்லாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் அது பெரும்பாலும் பயந்துபோய்ப் பணிகிறது என்று அர்த்தம். வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி, உங்களையே முறைத்தபடி தலையை முன்னால் நீட்டினால் அது மிரட்டல். இரண்டாவதைப் பார்த்தவுடன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, முகம் அதன் பக்கம் இருக்கும்படியே மெல்லப் பின்வாங்குங்கள். ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். கையில் ஏதோ வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து நெருங்கினால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள், முதுகுக்குப் பின்னால் மறைத்தால் சந்தேகம்தான் கூடும். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். பெரிய கடுவனின் கோரைப் பல்லோடு ஒரு பைக்காக மல்லுக்கட்டுவது எந்தக் கணக்கிலும் நஷ்டம். குழந்தைகளை நடுவில் விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்களின் முகம் குரங்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, அவர்கள் கையில்தான் பெரும்பாலும் பிஸ்கட்டும் இருக்கிறது.

தீனி போடுவதைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: ஒரு வேர்க்கடலைகூட வேண்டாம். "பசியா இருக்கும், பாவம்" என்று சொல்பவர்களின் மனசு புரிகிறது. ஆனால் பாதையோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய கூட்டம் காட்டுக்குள் இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது, கேட்டு வாங்கும் குரங்கு நாளடைவில் பிடுங்கும் குரங்காகிறது, அப்புறம் அதே குரங்கைத் தொல்லை என்று சொல்லிப் பிடிக்கிறார்கள், சில இடங்களில் கொன்றும் விடுகிறார்கள். லங்கூர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும்படி பல அறைகள் கொண்ட வயிறு அவற்றுக்கு, ரொட்டியும் இனிப்பும் அதைக் குலைத்துவிடும். சிங்கப்பூரில் காட்டுக் குரங்குக்குத் தீனி போடுவது சட்டப்படியே குற்றம். குரங்கைக் கிட்டே வரவழைக்கத் தீனி காட்டும் வழிகாட்டி அமைந்தால் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவர் சொன்ன கட்டணத்தையே கொடுத்துவிட்டு வெறுமனே நடக்கலாம் என்று கேளுங்கள். பழத்தோலைப் புதருக்குள் எறிவதும் தீனி போடுவதுதான்.

நமக்கும் அவற்றுக்கும் உடம்பு நெருங்கிய உறவு என்பதால் நோயும் இரு பக்கமும் தாவும். இருமல், காய்ச்சல் இருந்தால் நடையை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள். பாதையில் செத்துக் கிடக்கும் குரங்கைக் கண்டால் தொடாமல் விலகி, வனத்துறையிடம் சொல்லுங்கள். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகள் மூலம் பரவுவது. குரங்குகள் கொத்தாகச் சாவதே அதன் முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. எனவே எந்தக் காட்டுக்குப் போய் வந்தாலும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் என்று உண்ணி பார்த்துவிட்டுத்தான் குளியல். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்கக் கூடாது.

குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ, காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அங்கேயே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி தொடங்குங்கள். அறிகுறி வந்தபின் ரேபிஸுக்குக் காப்பாற்றும் மருந்து அநேகமாக இல்லை. மக்காக் வகைகளிடம் பி வைரஸ் என்ற ஹெர்பிஸ் இனக் கிருமியும் இருக்கலாம், மனிதருக்கு அது தொற்றுவது மிக அரிது, ஆனால் தொற்றி, சிகிச்சை இல்லாமல் போனால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். ஆகவே "ஏதோ கீறிவிட்டது" என்று பொதுவாகச் சொல்லாமல், குரங்கு கடித்தது, இந்த இடத்தில், இந்த நேரத்தில், இப்படிப்பட்ட குரங்கு என்று மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்.