பள்ளியின் இலையுதிர் காலச் சுற்றறிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை

சுற்றறிக்கையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினால் மட்டும் போதாது. வந்த அன்றே தேதிகளை ஃபோன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: நிகழ்ச்சி நாளைக் குறிப்பார்கள், கடைசி நாளைக் குறிக்க மாட்டார்கள். சுற்றுலா 20-ஆம் தேதி என்றால், கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் அதற்குச் சில நாள் முன்பே போயிருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு நினைவூட்டல் வையுங்கள்: ஒரு வாரம் முன்பு ஒன்று, முந்தைய நாள் மாலை ஒன்று.

அரை நாள் பள்ளி என்றால் வேன் ஓட்டுநருக்கும், மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பள்ளி சொல்லியிருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் பெரும்பாலும் 10, 15 நிமிடம்தான் கிடைக்கும். மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். முக்கியமானதை முதலில் கேளுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரு சந்திப்புக்கும் நடுவே 20 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். முதல் சந்திப்பு நேரத்துக்கு முடியவே முடியாது!

புகைப்பட நாளில் பச்சைச் சட்டை வேண்டாம். பச்சைத் திரை முன் எடுத்தால், பின்னணியை மாற்றும்போது சட்டையும் சேர்ந்து மறைந்துவிடும்.

குளிர் தொடங்கியதும் அதிகம் தொலைவது ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும். உள்ளே இருக்கும் துவைப்புக் குறிப்புத் துணியில் அழியாத மார்க்கரால் பெயரை எழுதுங்கள். மை நன்றாகக் காயாமல் துவைத்தால் கலங்கிவிடும்.