ஈஸ்ட் பொட்டலம் இல்லாமல் ரொட்டி சுடுவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்கள் சாலையும் மின்சாரமும் இல்லாமல் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாள்களில் கோதுமை மாவும் உப்பும் விறகும் இருக்கும் வீட்டில், ஒருமுறை அடுப்பு மூட்டினால் இரண்டு நாள் வைத்துச் சாப்பிடும் ரொட்டியைச் சுட்டுக்கொள்ள முடியும். அதற்கு வேண்டிய ஈஸ்ட், அதாவது மாவை எழும்பச் செய்யும் நுண்ணுயிர், கோதுமைத் தவிட்டிலேயே இருக்கிறது. அதைப் பெருக்கி வைக்கும் தாய்மாவை மட்டும் மழைக்காலத்துக்கு முன்பே ஆயத்தம் செய்துவிட வேண்டும்.

மில்லில் அரைத்த முழுக்கோதுமை மாவு 50 கிராமை, கொதித்து ஆறிய தண்ணீர் 50 மில்லியில் கரைத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றித் துணியால் மூடுங்கள். பதநீர் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தை இதற்கு எடுக்கக் கூடாது. கள்ளை நுரைக்கச் செய்யும் ஈஸ்ட் வகையை அடக்கவே அந்தச் சுண்ணாம்பு. நாள்தோறும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு மாவும் தண்ணீரும் சேருங்கள். இரண்டாம் நாளே பொங்கினால் அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. பிறகு ஓரிரு நாள் அசைவற்றுக் கிடக்கும். பலர் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். புளிப்பு ஏற ஏற அந்தப் பாக்டீரியா ஒடுங்கி, புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் தலையெடுக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், மாவு சேர்த்த சில மணி நேரத்துக்குள் இருமடங்காக எழும்பிப் பழப்புளிப்பு மணம் வீசினால் தாய்மாவு தயார். நம் கோடைக்கு ஒரு நாளில் இருவேளை மாவு கொடுத்து, ஈரமணலில் பாட்டிலை வைப்பது நல்லது. இளஞ்சிவப்புக் கீற்றோ பூஞ்சையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது உலர்த்தி வைப்பதைத்தான். ஆவணி, புரட்டாசியில் தாய்மாவைத் தட்டில் மெல்லியதாகப் பூசி, நிழலில் மொறுமொறுவென்று காயவிட்டு, நொறுக்கி, ஈரம் புகாத பாட்டிலில் அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். தேவைப்படும்போது ஒரு கரண்டித் தூளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மாவு கொடுத்து வந்தால், இரண்டு மூன்று நாளில் உயிர்பெற்றுவிடும்.

ரொட்டிக்கு 500 கிராம் மாவையும் 350 மில்லி தண்ணீரையும் பிசைந்து அரை மணி நேரம் விட்டு, பின்பு 100 கிராம் தாய்மாவும் 10 கிராம் உப்பும் சேருங்கள். அரை மணிக்கு ஒருமுறையாக மூன்று தடவை மாவை இழுத்து மடியுங்கள். நம் வெப்பத்தில் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மடங்காகும். முழுக்கோதுமையாதலால் அதற்குமேல் காத்திருந்தால் அமுங்கிவிடும். அப்போதே உருட்டி, மாவு தூவிய துணியில் அரை மணி நேரம் வையுங்கள்.

கனத்த இரும்புச் சட்டியை மூடியோடு நன்கு சூடேற்றி, உருண்டையை இறக்கி, கத்தியால் மேலே ஒரு கீறல் போட்டு மூடுங்கள். உடை மரத்து விறகின் கங்குகளை அடியில் குறைவாகவும் மூடிமேல் நிறையவும் பரப்ப வேண்டும். அடிக்கங்கு மிகுந்தால் உள்ளே வேகுமுன் அடி கருகிவிடும். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். சூட்டோடு அறுத்தால் உட்பகுதி பிசுபிசுக்கும் என்பதால், ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே அறுக்க வேண்டும்.